மலைக்கோட்டையும் ஒற்றைப் பிளாஸ்டிக் லென்ஸும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் முறை

ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஃபிலிம் கேமராவின் பிளாஸ்டிக் லென்ஸைக் கழற்றி, துளையிட்ட பாடி கேப்பில் (லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடும் மூடி) பொருத்தி, மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) மாட்டித் திருச்சி மலைக்கோட்டையைப் படமெடுக்க முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 1986இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய வகைக் கேமராக்களில் இருக்கும் லென்ஸ்தான் இது. குவியத் தூரம் ஏறத்தாழ 30 மி.மீ.; பெரும்பாலும் ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை; ஃபோகஸ் வளையமும் கிடையாது, திறப்பை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றும் வசதியும் கிடையாது.

இந்த லென்ஸில் எடுத்த படம் கெட்டிருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை லென்ஸின் இயல்பா, நாம் பொருத்திய விதத்தின் பிழையா, அல்லது அன்றைய வெளிச்சமும் காற்றும் செய்ததா? இயல்பை மாற்ற முடியாது; மாற்றவும் வேண்டாம், அதற்காகத்தானே இந்த லென்ஸை எடுத்தோம். பொருத்துவதில் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். காற்று தெளியக் காத்திருக்கலாம். மூன்றையும் பிரித்தறிவதற்குத் திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டையைவிட நல்ல சோதனைப் பொருள் கிடையாது. சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் 83 மீட்டர் உயரப் பாறை, உச்சியில் பிள்ளையார் கோயில், இடையில் தாயுமானவர் கோயில் என்று அதன் வடிவம் நமக்கு மனப்பாடம் ஆகையால், எந்தக் கோடு எங்கே வளைந்தது, எந்தப் பக்கம் கரைந்தது என்பது படத்தைப் பார்த்த உடனேயே கண்ணில் பட்டுவிடும்.

லென்ஸைக் கழற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஃபிளாஷ் உள்ள கேமராவைத் திறக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கும். கை பட்டால் கடுமையான மின்னதிர்ச்சி ஏற்படும். ஃபிளாஷ் இல்லாத மாதிரியையே தேடி வாங்குங்கள். பிரிக்கும்போது லென்ஸின் எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது, துளையுள்ள கருந்தட்டு அதற்கு முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் கோளாறுகளில் சில, இந்த ஒரு படம் இல்லாததாலேயே வருபவை.

ஷட்டர் இயங்கவே இல்லை

மின் தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டினால், லென்ஸே இல்லை என்று கேமரா எடுத்துக்கொள்ளும். ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு’ என்னும் பொருளுடைய அமைப்பு மெனுவில் இருக்கும். அதை இயக்கிவிட்டால் போதும். மிரர்லெஸ் கேமராக்களில் திறப்பு முன்னுரிமை முறையில் (A அல்லது Av) ஒளியளவும் தானாகவே கணக்கிடப்படும். கையால் அமைக்க விரும்பினால், நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/10 திறப்புக்கு (குவியத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளை) 1/250 விநாடியில் தொடங்குங்கள்.

மலைக்கோட்டை எப்போதும் மங்கல். கைக்கருகில் இருப்பது மட்டும் தெளிவு

பெரும்பாலோர் மனம் தளர்ந்து லென்ஸைக் கைவிடும் இடம் இது; ஆனால் முழுமையாகச் சரிசெய்யக்கூடிய கோளாறும் இதுவே. லென்ஸ் சென்சாரிலிருந்து (கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடு) அளவுக்கு மீறித் தள்ளி நிற்கிறது என்பதே இதன் பொருள்.

தொலைவில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையில் குவியத் தூரத்தின் அளவே இடைவெளி இருக்க வேண்டும். கேமராவின் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) விளிம்பிலிருந்து சென்சார் வரையுள்ள ஆழம் சோனி இ வகையில் 18 மி.மீ., ஃபூஜி எக்ஸ் வகையில் 17.7 மி.மீ., நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் வகையில் 20 மி.மீ. ஆகவே 30 மி.மீ. லென்ஸை சோனியில் மாட்டினால் அது விளிம்புக்கு வெளியே 12 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். நிக்கான் இசட் வகையில் 14 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கேமராக்களில் இந்த ஆழம் கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. என்பதால், கேப்பில் ஒட்டிய 30 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 9 செ.மீ. தொலைவில் உள்ளதை மட்டுமே தெளிவாகக் காட்டும். அதில் பூவின் மகரந்தத்தை எடுக்கலாம், மலைக்கோட்டையை எடுக்க முடியாது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள், அந்த மவுண்ட்டுக்கென்றே செய்யப்பட்ட ஹோல்கா போன்ற 60 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ்களை நாடுவதே முறை.

உங்கள் லென்ஸின் குவியத் தூரம் உண்மையில் எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். அறை விளக்குகளை அணைத்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸை அதன் அருகே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தெரியும் தொலைதூரக் கட்டடமோ தென்னையோ தலைகீழாகத் தாளில் கூர்மையாக விழும்போது, தாளுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. 30 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 31 மி.மீ. இருந்தால், ஃபோகஸ் ஒரு மீட்டருக்கும் உள்ளே வந்து விழுந்துவிடும். 0.1 மி.மீ. மட்டும் கூடினால் அது ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். எஃப்/10 திறப்பின் ஆழப்புலத்தால் (ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் நீளம்) அப்போதும் மலைக்கோட்டை தெளிவாகவே வரும். ஏபிஎஸ்-சி (ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய) சென்சாரில் 0.2 மி.மீ. வரை தாங்கும், அதற்கு மேல் கோட்டை கரையத் தொடங்கும். சாதாரண எழுதுதாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆகையால், நம் கையில் இருக்கும் சலுகை இரண்டு தாளின் தடிமன்தான். எனவே லென்ஸைக் கேப்பிலிருந்து தள்ளி நிறுத்தும் குழாயை வேண்டிய அளவைவிடச் சற்றுக் குட்டையாகவே வெட்டிக்கொண்டு, லென்ஸ் அமரும் விளிம்புக்கு அடியில் வளையமாக வெட்டிய தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து உயர்த்துங்கள். பாறைக்கு மேற்கே உள்ள தெப்பக்குளக் கரையில் நின்று, திரையில் படத்தைப் பெரிதாக்கி, உச்சிக் கோயிலின் தூண்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா என்று ஒவ்வொரு தாளுக்கும் பாருங்கள். தூண்கள் பிரிந்து, மேலும் ஒரு தாள் வைத்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டால், அந்த ஒரு தாளை எடுத்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை எதையும் பசையால் ஒட்ட வேண்டாம். கருப்பு டேப் போதும்.

எந்தத் தொலைவிலும் தெளிவில்லை. படம் முழுவதும் ஒளி கசிந்தது போல் இருக்கிறது

தூரத்தைச் சரிசெய்த பிறகும் இப்படி இருந்தால், துளையுள்ள கருந்தட்டைப் பழைய கேமராவிலேயே விட்டுவிட்டு லென்ஸை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள். ஒற்றை வில்லையின் விளிம்பு வழியாக வரும் ஒளி, நடுவழியாக வரும் ஒளி குவியும் இடத்தில் குவியாது. அந்த விளிம்பொளியைத் தடுப்பதற்கே அந்தத் தட்டு. கருப்பு சார்ட் பேப்பரில் 3 மி.மீ. விட்டமுள்ள துளை இட்டு வைத்தால், 30 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/10 கிடைத்துவிடும். அலுவலகக் காகிதத் துளைப்பான் இடும் துளை இதற்கு மிகப் பெரிது. தோல் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் துளைப்பானில் 3 மி.மீ. முனை இருக்கும், துளையின் விளிம்பு பிசிறின்றி விழும்.

லென்ஸைத் திருப்பிப் போட்டிருந்தாலும் தெளிவு குறையும். ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும் இந்த வில்லையில், குழிந்த பக்கம் துளைத் தட்டை நோக்கி இருக்க வேண்டும். விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே குழிவு தெரிந்துவிடும். பிறகு மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள்.

நடுவில் கோட்டை தெளிவு. ஓரங்களில் கடைகளும் வானமும் கரைகின்றன

இது லென்ஸின் இயல்பு. ஒற்றை வில்லை ஒரு சமதளக் காட்சியைச் சமதளத்தில் குவிப்பதில்லை, வளைந்த பரப்பில்தான் குவிக்கும். இதை அறிந்தே இவ்வகைக் கேமராக்களைச் செய்தவர்கள் ஃபிலிம் ஓடும் தடத்தையே சற்று வளைத்து வைத்தார்கள். நம் சென்சார் தட்டையானது ஆகையால், ஃபிலிமில் இருந்ததைவிட ஓரக் கரைசல் கூடுதலாகவே தெரியும். இதைக் குறையென்று கருதித் திருத்த முனைந்தால், கையிலிருக்கும் நல்ல லென்ஸை மாட்டுவதில்தான் முடியும்.

திருத்துவதற்குப் பதிலாக, அதற்கேற்பச் சட்டகத்தை அமைக்கலாம். பாறையைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்துங்கள். முக்கியப் பொருளை நடுவிலிருந்து ஒதுக்கி வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி இந்த லென்ஸுக்குப் பொருந்தாது. தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து செங்குத்தாக எடுத்தால் மேலே வானமும் கீழே நீரும் கரைந்து, பாறையும் நடு மண்டபமும் கூர்மையாக நிற்கும். என். எஸ். பி. சாலைப் பக்கத்து விளம்பரப் பலகைகளும் மின்கம்பிகளும் சாதாரண லென்ஸில் கண்ணை உறுத்தும். இந்த லென்ஸில் அவை ஓரத்தில் நிறமாக மட்டும் தங்கிவிடுகின்றன. நம் ஊரின் நடுவில் இருக்கும் இந்தப் பாறையை, சுற்றியுள்ள நெரிசலை நீக்காமலும் அதில் மூழ்கவிடாமலும் காட்டும் வேறொரு வழி எனக்குத் தெரியாது. இந்த லென்ஸை மலைக்கோட்டைக்கு நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணமும் அதுவே.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

மேலே சொன்ன கரைசல் நான்கு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மிகவும் கரைந்தும் இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. உறுதிப்படுத்திக்கொள்வது எளிது: கேமராவை அசைக்காமல், லென்ஸ் துண்டை அதன் தாள் வளையத்தோடு சேர்த்துக் குழாய்க்குள் கால் சுற்றுத் திருப்பி மறுபடி எடுங்கள். மங்கல் பகுதியும் கூடவே சுற்றி இடம் மாறினால், சாய்வு லென்ஸிலோ அது அமர்ந்த தாள் வளையத்திலோ இருக்கிறது. வளையத்தின் ஒரு பக்கம் மடிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் பிசிறு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மங்கல் அதே இடத்தில் நின்றால், குழாயே கேப்பின் மீது சாய்வாக நிற்கிறது. குழாயின் அடியைத் தட்டையான கண்ணாடி மீது விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

வெள்ளைப் படலம் போர்த்தியது போல் கோட்டை வெளிறித் தெரிகிறது

இந்த ஓர் அறிகுறிக்குக் காரணங்கள் பல உண்டு. எளிதாகத் தெரிந்துவிடும் காரணத்திலிருந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் காற்று. காவிரிப் பாலத்தில் நின்று கோட்டையை எடுத்த அதே இடத்தில், சில அடி தள்ளியிருக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவரையும் ஒரு படம் எடுங்கள். சுவரின் நிழல்கள் ஆழ்ந்த கருப்பாக இருந்து கோட்டை மட்டும் வெளிறியிருந்தால் லென்ஸின் மீது குற்றமில்லை. கோடையில் ஆற்று மணல் காய்ந்து கிடக்கும்போது, பிற்பகலில் அதன் மேலெழும் வெப்பக்காற்று பாறையின் விளிம்பையே நெளியச் செய்யும். மார்கழிக் காலையில் பனிமூட்டம் அதை மறைக்கும். முன்னதற்கு விடியற்காலையில் வருவதும், பின்னதற்கு வெயில் ஏறும்வரை காத்திருப்பதும்தான் மருந்து.

அடுத்தது சூரியன் நிற்கும் திசை. தெப்பக்குளக் கரையிலிருந்து பார்க்கும்போது பாறை கிழக்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும். பூச்சு எதுவும் இல்லாத பிளாஸ்டிக் அதைத் தாங்காது. மாலையில் அதே பாறையின் மேற்கு முகம் முழுவதும் வெளிச்சம் பெறும். காவிரிப் பாலத்திலிருந்து நாம் பார்ப்பது வடக்கு முகம். திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே செல்லும். வடக்கு முகத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும் மாதங்கள் அவையே. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பாலத்திலிருந்து பாறை நிழலுருவாகவே தெரியும். அப்போது நிழலுருவையே குறிக்கோளாகக் கொண்டு, வானத்துக்கு ஒளியளவை வைத்து எடுத்தால் படலம் ஒரு குறையாகத் தோன்றாது.

காற்றும் சூரியனும் காரணமில்லை என்றால் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். பளபளப்பான குழாய், கருப்பாகவே இருந்தாலும், சாய்வாக வரும் ஒளியைச் சென்சார் மீது எதிரொளிக்கும். இப்படி வரும் படலம் பெரும்பாலும் படத்தின் நடுவில் வட்டமாகத் திரண்டிருக்கும். உட்புறம் முழுவதும் பளபளப்பற்ற கருப்பு வண்ணம் பூசுங்கள், அல்லது கருப்பு வெல்வெட் தாளைச் சுருட்டி உள்ளே செருகுங்கள். ஒட்டிய இடங்களில் இடைவெளி இருக்கிறதா என்று அறிய, லென்ஸின் முன்புறத்தை விரலால் மூடிக்கொண்டு வெயிலில் ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கருப்பாக வர வேண்டும். எங்கேனும் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்தப் பக்கத்து ஒட்டைக் கருப்பு டேப்பால் மூடுங்கள்.

கடைசியாக லென்ஸின் மேற்பரப்பு. நொடியில் ஒட்டும் பசைகளின் ஆவி, அருகிலுள்ள பிளாஸ்டிக்கின் மீது வெண்மையான படிவாகப் படியும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவிய படிவு தெரியும். இந்த வேலைக்கு எபாக்சி பசையோ இருபக்க டேப்போ போதும். படிவு விழுந்த லென்ஸை அசிட்டோன், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைத்தால் பிளாஸ்டிக்கே கரைந்து போகும். வேறொரு லென்ஸைக் கழற்றிக்கொள்வதே மேல்.

பாறையின் விளிம்பில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள்

ஒரே வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்காது. வெளிறிய வானத்துக்கு எதிரே கரிய பாறை நிற்கும்போது இது மிகுதியாகத் தெரியும். மென்பொருளில் குறைக்கலாம், கருப்பு வெள்ளையாக மாற்றினால் நிறம் போய்விடும், ஆனால் விளிம்பின் மென்மை நிற்கும். எனக்கு நிறத்தோடு இருப்பதே பிடிக்கும்.

வானத்தில் கரும்புள்ளிகள்

புள்ளிகள் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருந்தால் அவை சென்சார் மீதுள்ள தூசு. லென்ஸின் மீதுள்ள தூசு இப்படிப் புள்ளியாக விழாது, படத்தின் அடர்த்தியை மட்டுமே குறைக்கும். சிறிய திறப்பில் சென்சார் தூசு கூர்மையாகத் தெரியும் என்பதால், வழக்கமான லென்ஸில் கண்ணுக்குப் படாதவையும் இதில் வெளிப்படும். கேப்பில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்டிக் துகள்கள் இதற்கு ஒரு தனிக் காரணம். துளையிட்ட கேப்பைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, துளையின் விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்துப் பிசிறு இல்லையென்று தெரிந்த பிறகே கேமராவில் மாட்டுங்கள். சென்சாரை ரப்பர் ஊதுகுமிழால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்.

ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரிகிறது

கரைசலுக்கும் அசைவுக்கும் வேறுபாடு உண்டு. கரைசலில் விளிம்பு எல்லாத் திசையிலும் பரவும். அசைவில் ஒரே திசையில் இரட்டிக்கும். காவிரிப் பாலத்தில் இது மிகவும் வழக்கமானது. பேருந்தும் லாரியும் கடக்கும்போது பாலத்தின் அதிர்வு முக்காலி வழியாகக் கேமராவுக்கு ஏறுவதால், அங்கே முக்காலியைவிடக் கையில் பிடித்து 1/250 விநாடியில் எடுப்பதே நல்லது. முக்காலி வேண்டுமானால் வண்டிகள் கடந்து அதிர்வு அடங்கும்வரை காத்திருங்கள்.

கேமராவுக்குள்ளேயே அசைவுத் தடுப்பு இருந்தால், அதற்குக் குவியத் தூரத்தை நாம்தான் சொல்ல வேண்டும். முன்பு மாட்டிய பழைய லென்ஸுக்காகக் கொடுத்த 135 என்ற எண் அப்படியே இருந்தால், கேமரா தேவைக்கு மேல் சென்சாரை நகர்த்தி, தானே படத்தைக் கெடுக்கும். 30 என்று மாற்றுங்கள்.

கோட்டை மிகச் சிறிதாகத் தெரிகிறது

ஏபிஎஸ்-சி சென்சாரில் 30 மி.மீ. லென்ஸை ஒரு கிலோமீட்டர் தொலைவில் வைத்தால், கிடைமட்டச் சட்டகத்தின் உயரத்துக்குள் 520 மீட்டர் அடங்கும். 83 மீட்டர் பாறை அதில் ஆறில் ஒரு பங்குதான். பாலத்திலிருந்து கோட்டை ஏமாற்றமளிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே. 300 மீட்டருக்குள் வந்தால் சட்டகத்தின் பாதிக்கு மேல் பாறை நிரம்பும். தெப்பக்குளப் பகுதி இந்த லென்ஸுக்கு ஏற்றதாக இருப்பது அதனால்தான். பாலத்திலிருந்து எடுத்ததை வெட்டிப் பெரிதாக்குவதை நான் விரும்புவதில்லை. வெட்டும்போது முதலில் போவது, கரைந்த ஓரங்கள்தான். மலையேறி மேலே எடுக்க நினைப்பவர்கள், கேமராவுக்கு அனுமதியும் கட்டணமும் குறித்து மாணிக்க விநாயகர் சன்னதியருகே அடிவாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் எடுத்த படத்தில் கிடைமட்டப் பட்டைகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் பல மின்விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டைகளாகப் பதிகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறி, 1/50 விநாடியோ அதைவிட நீண்ட நேரமோ வையுங்கள். எஃப்/10 திறப்பில் இரவு எப்படியும் சில விநாடிகள் கேட்கும். அவ்வளவு நேரம் திறந்திருக்கும்போது பட்டைகள் தாமாகவே மறைந்துவிடும். ஷட்டர் பொத்தானைக் கையால் அழுத்தாமல், இரண்டு விநாடித் தாமத அமைப்பில் எடுங்கள்.